புள்ளி பீன்ஸுக்குப் போட்ட உரம்

அன்று காலை பீன்ஸ் தோட்டத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். மூத்தவர், அவருடைய மனைவி, அவருடைய தங்கை, உரக்கடை வைத்திருக்கும் தங்கையின் கணவர், மூத்தவரின் தம்பி, பக்கத்துப் பட்டறைத் தச்சர். இவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. "நானும் அங்கேதான் நின்னேன்" என்று பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். அத்தனை பேர் நின்றிருந்தால் மிதிபட்டே செடி செத்திருக்கும்.

இந்த ஆறு பேரும் ஒரே வரப்பில் நின்றது பதினோரு வருடத்துக்குப் பிறகு. அதற்குக் காரணம் மூத்தவர்தான். அதை அவரே மறைத்ததில்லை.

மூத்தவர் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறவர். களை பிடுங்கும்போதுகூட முதுகு வளையாது, இடுப்புதான் மடங்கும் என்று தம்பி கேலி செய்வான். அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அப்பா விட்டுப்போன புள்ளி பீன்ஸ். பாலாடை நிறத்தில் விதை, அதன் கண்ணருகே சிவப்பாக ஒரு பொட்டு. அந்த இனம் வேறு எவர் வீட்டிலும் இல்லை. இரண்டாவது, அந்த மண்ணில் மூட்டை உரம் ஒரு கல்கூட விழுந்ததில்லை என்பது. கேட்டவர்களுக்குச் சொல்வார். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

இரண்டாவது பெருமையில்தான் அந்தப் பதினோரு வருட விரிசல் விழுந்தது. விவசாயிகள் கூட்டம் ஒன்றில் அவருடைய பீன்ஸைக் கையில் தூக்கிக் காட்டி எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தபோது, தங்கையின் கணவர் எழுந்து, "மச்சான் சாணம் மட்டும்தான் போடறேங்கிறார். எங்க கடை மூட்டை ஒண்ணு அடிக்கடி காணாமப் போகுது, பின்வாசல் வழியா எங்க போகுதுன்னு இப்பத்தான் புரியுது" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். சபை சிரித்தது. மூத்தவர் மட்டும் நாற்காலியை ஓசைப்படாமல் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு உரக்கடைப் படியை அவர் மிதிக்கவில்லை. நல்லது கெட்டதுக்குத் தங்கையைப் பார்ப்பார், நலம் விசாரிப்பார், அவள் கணவரை 'மூட்டையார்' என்று குறிப்பிடுவார். அவ்வளவுதான் போக்குவரத்து.

இந்த வருடம் அவருடைய முதல் பெருமைக்கே ஆபத்து வந்தது. விதைப் பானைகளில் வண்டு விழுந்துவிட்டது. மூடியைத் திறந்தால் விதையெல்லாம் ஊசியால் குத்தினாற்போல் ஓட்டை, அடியில் மாவு. மனைவியும் அவரும் இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கியதில் முழுசாகத் தேறியது இரண்டரைக் கிலோ. அதில் ஒரு பிடியைக்கூட எடுத்து வைக்காமல் இருபத்திரண்டு வரிசையாக விதைத்தாயிற்று. இது விளைந்தால் இனம் இருக்கும். விளையாவிட்டால் அப்பாவின் பீன்ஸ் இத்தோடு முடிந்தது.

முளைப்பு நன்றாகத்தான் வந்தது. இருபதாம் நாள் அடியிலைகள் வெளுத்தன. இருபத்தைந்தாம் நாள் தோட்டமே பழைய காகித நிறத்துக்கு வந்துவிட்டது.

"தண்ணி அதிகமாயிடுச்சோ?" என்றார் மனைவி.

"தண்ணியெல்லாம் அளவுதான்."

"அப்போ பசி."

"எரு இருபது வண்டி அடிச்சிருக்கேன். பசின்னா நம்புறதா?"

இருந்தும் குவியலில் மிச்சமிருந்த எருவையும் வாரி வரிசைகளுக்கிடையில் கொட்டினார். நாலு நாளில் வெளுப்பு ஓர் இலை மேலே ஏறியது. மனைவி மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டால்தான் மூத்தவருக்குப் பயம் வரும்.

முப்பதாம் நாள் காலை அவர் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீதியில் இறங்கினார். குவளையைக் கழுவிக்கொண்டிருந்த தம்பி எட்டிப் பார்த்தான்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"நடக்க."

"செடியோடயா?"

மூத்தவர் துணியை இறுக்கிக்கொண்டு நடந்தார். சந்தைக்குப் போகும் திருப்பத்தில் வலப்பக்கம் திரும்பாமல் இடப்பக்கம் திரும்பினார். தம்பி குவளையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடி, "அண்ணி, அண்ணன் உரக்கடைப் பக்கம் திரும்பிட்டாரு!" என்று மூச்சுவாங்கச் சொன்னான். அண்ணி அடுப்பைத் தணித்தார். "கத்தாத. அவர் காதுல விழுந்தா திரும்பி வந்துடுவாரு."

உரக்கடையில் அந்த நேரம் தங்கை மட்டும்தான் இருந்தாள். மரச் சட்டங்களின்மேல் ஆள் உயரத்துக்கு மூட்டைகள், தராசு, மூட்டை வாய்த் தையலைப் பிரிக்கும் கத்தி, மூக்கைச் சற்றே அரிக்கும் அந்த வாசனை. வாசலில் அண்ணன் நிற்பதைக் கண்டதும் அவள் எழுந்தாள். எழுந்தவள் 'வாங்க' என்று சொல்ல மறந்து நின்றாள். மூத்தவரும் உள்ளே வர மறந்து நின்றார். கடைசியில் அவளுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது.

"அதென்னண்ணே கையில, கொழந்தை மாதிரி?"

"செடி. பாரு."

அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, செடியைக் கல்லா மேசையில் கிடத்தி, வேரை ஒரு கிண்ணத் தண்ணீரில் அலசினாள். வேரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடுகு அளவில் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளி, பிளந்து, வெளிச்சத்தில் காட்டினாள்.

"உள்ள பாருங்க. வெள்ளை. இது சிவப்பா இருக்கணும், ஈறு நிறத்துல. அப்பத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"நம்ம செடிக்கு எப்பவும் சிவப்பாத்தான் இருக்கும்."

"இப்ப இல்லையே. பீன்ஸ் தன் சோத்தைத் தானே காத்துலேருந்து சம்பாதிக்கிற செடிண்ணே. ஆனா வேலைக்குப் போற வரைக்கும் வீட்டுல யாராவது ஒரு வேளை சோறு போடணும்ல? அது கிடைக்கல. எருவுல என்ன சேத்தீங்க?"

மூத்தவர் கூரையைப் பார்த்தார். மாடுகள் நாலிலிருந்து ஒன்றாகிவிட்டன. குவியல் சிறுத்துப்போனது. அடுத்த வீட்டுக்காரர் தன்னுடைய சாணத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்தவன் சாணத்தை அள்ளும் நிலை இந்தக் குடும்பத்துக்கு வரவில்லை என்று இவர் மறுத்தார். ஆனால் குவியல் சிறிதாகத் தெரிந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? தச்சர் பட்டறையில் மரத்தூள் மலைபோல் கிடந்தது. அதை வாங்கி வாங்கிப் போட்டுக் குவியலைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

"மரத்தூள்" என்றார், யாரோ செய்த குற்றத்தைச் சொல்வதுபோல.

"எவ்வளவு?"

"பாதிக்குப் பாதி."

தங்கை நெற்றியில் கை வைத்தாள். "மக்காத மரத்தூள் மண்ணுக்குள்ள போனா, மக்கறதுக்கு அதுக்கே சாப்பாடு வேணும். பக்கத்துல இருக்கற செடி தட்டுல கை வைக்கும். நீங்க போட்டது எரு இல்லண்ணே, வண்டி வண்டியா விருந்தாளி."

அப்புறம் போட்டதும் அதே குவியல்தான் என்பதை அவர் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துகொண்டாள் என்று பட்டது.

"இப்ப என்ன செய்யணும்?"

"ரெண்டும் வேணும். நல்லா மக்குன எரு செடி ஓரமா. அது மண்ணைப் பாத்துக்கும், ஆனா மெதுவாத்தான் குடுக்கும். செடிக்கு அவ்ளோ நாள் இல்ல. உடனே பசியாத்த கொஞ்சமா அமோனியம் சல்பேட். மூட்டையில அச்சடிச்சிருக்கற அளவுல பாதிக்கு மேல வேணாம். அதிகமாப் போனா செடி சோம்பேறியாயிடும். சும்மா கெடைக்குதேன்னு வேர் வேலைய நிறுத்திடும், இலைதான் வரும், காய் வராது."

மூத்தவர் தராசைப் பார்த்தார். போடாவிட்டால் அப்பாவின் விதை போகும். போட்டால் பதினோரு வருடத்துக்கு முன் சபை சிரித்த சிரிப்பு நியாயமாகிவிடும். மூட்டையார் அன்று சொன்ன பொய், இவர் கையாலேயே உண்மையாகிவிடும்.

"நாலு கிலோ குடு" என்றார். "பேர் போடாத பையில."

"எரு? எங்க வீட்டுல ரெண்டு வருஷம் மக்குனது கெடக்கு. கருப்பா, காப்பித்தூள் மாதிரி."

"அது வேணாம்."

"மரத்தூளுக்கு இருக்கற மரியாதை என் சாணத்துக்கு இல்லையா?"

அவர் பையை எடுத்துக்கொண்டார். படியிறங்கும்போது அவள் பின்னாலிருந்து சொன்னாள்: "அண்ணே, அதுல எதையும் கலந்துடாதீங்க." அவர் தலையசைத்தார். அவர் அப்போது வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

அவர் யோசித்தது அதன் நிறத்தை. வீட்டுக்கு வந்து கருவிக் கொட்டகையில் பையைப் பிரித்தால், சர்க்கரைபோல் வெள்ளைவெளேரென்று மின்னுகிறது. கருப்பு மண்ணில் இதைத் தூவினால் வரப்பில் போகிறவன் எவனும் நின்று பார்ப்பான். தச்சர் சுவருக்கு மேலே தலையை நீட்டினாலே போதும். மூத்தவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் அடுப்புச் சாம்பல் ஒரு தொட்டி நிறைய இருந்தது. சாம்பல் இந்தத் தோட்டத்தில் காலங்காலமாகப் போடுவது. யாருக்கும் சந்தேகம் வராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு இதைவிட நல்ல சோறு தோன்றவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டார். நாலு கிலோவையும் தொட்டியில் கொட்டி, தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்து, சட்டைக் கையை மடித்துவிட்டு இரண்டு கையாலும் பிசைந்தார்.

முதலில் மூக்கில் ஓர் ஊசி ஏறியது. அடுத்த மூச்சில் நூறு ஊசி. கண்ணைத் திறக்க முடியவில்லை. கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சாம்பலும் ஈரமும் பட்டு உரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா நெடி கொட்டகையை நிரப்பி, ஓட்டிடுக்கு வழியாக வெளியே வழிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இழைத்துக்கொண்டிருந்த தச்சர் இழைப்புளியைப் போட்டுவிட்டுக் கத்தினார்: "யாரு வீட்டுலய்யா கழிவறை வெடிச்சுது?"

தம்பி ஓடிவந்து கதவைத் தள்ளி, அண்ணனை முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தான். மூத்தவர் முற்றத்தில் நின்றார். முதுகு நேராகத்தான் இருந்தது. கண்ணிலும் மூக்கிலும் தாரைதாரையாகக் கொட்டியது. மனைவி குடத்தோடு வந்து முகத்தில் நீரை அறைந்து அறைந்து கழுவிவிட்டார். கழுவி முடித்து, அவர் மூச்சு சீராவதைப் பார்த்த பிறகு சொன்னார்:

"கல்யாணமாகி நாப்பத்திரெண்டு வருஷத்துல உங்க கண்ணுல தண்ணி பாக்கறது இதுதான் மொதத் தடவை. அதுக்கும் உரம் தேவைப்பட்டுச்சு."

"சாம்பலைக் கலந்தேன்" என்றார் மூத்தவர்.

"ஏன்?"

"வெள்ளையாத் தெரியுது."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது; அண்ணனின் கண்ணைப் பார்த்து விழுங்கினான். மனைவி சிரிக்கவில்லை. "யாருக்குத் தெரியக் கூடாதுன்னு?" என்று கேட்டார். "எனக்குத் தெரிஞ்சாச்சு. உங்க தம்பிக்குத் தெரிஞ்சாச்சு. பட்டறைக்காரர் மூக்குக்குத் தெரிஞ்சாச்சு. மிச்சம் இருக்கறது செடிதான். அதுக்கு மட்டும் இன்னும் தெரியல."

மூத்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே தோட்டத்தில் இருபத்திரண்டு வரிசையும் மஞ்சளாக நின்றன. அப்பா சாகும்போது வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "விதை காஞ்சிருச்சா?" என்றுதான் கேட்டார். சாணத்தில் வளர்த்தாயா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அது பின்னாளில் தானே ஏற்றிக்கொண்ட சுமை என்பது மூத்தவருக்கு இப்போது, கண் எரிய எரியத்தான், விளங்கியது.

"தம்பி," என்றார். "அக்காவுக்குப் போன் போடு. எருவும் வேணும்னு சொல்லு. கலந்தது பாழாயிடுச்சு, உரமும் மறுபடி வேணும், பேர் போட்ட மூட்டையிலேயே வரட்டும்னு சொல்லு."

மறுநாள் காலை வேன் வந்தது. மூன்று நடையாக எரு இறங்கியது. முதல் கூடையைத் தலையில் தூக்கிவந்தவர் மூட்டையாரே. வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார், சாணம் சுமக்க. அவர் முன்னால் தலையை நிமிர்த்தி நின்ற மூத்தவர் குத்துப் பேச்சுக்குத் தயாராக இருந்தார். அது வந்தது.

"மச்சான், உரத்துக்குப் பவுடர் பூசி விட்டீங்களாமே? பொண்ணு பாக்க வந்தாங்களா?"

தச்சர் சுவருக்கு மேல் தலையை நீட்டி ஒரு சிரிப்புச் சிரித்தார். தங்கை கணவரின் முழங்கையைக் கிள்ளினாள். மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, அன்னைக்குச் சபையில நீங்க சொன்னது பொய். எங்க மண்ணுல அதுவரைக்கும் ஒரு கல்லு விழல. இன்னைக்குத்தான் விழப்போகுது. விழுந்ததுக்கப்புறம் அதே சபையில நானே எழுந்து சொல்றேன். எனக்கு முன்னால நீங்க சொல்லிடக் கூடாது."

மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டது பதினோரு வருடத்தில் அதுதான் முதல் முறை. மூட்டையார் கூடையை இறக்கி வைத்தார். கையைச் சட்டையில் துடைத்தார். "அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும் மச்சான்" என்றார். "சிரிக்க வைக்கணும்னு பேசிட்டேன். சிரிச்சவன் எவனும் அப்புறம் என் வீட்டுக்கு வரல. வர வேண்டிய நீங்களும் வரல."

மூத்தவர் கூடையின் மறுபக்கக் காதைப் பிடித்தார். இருவருமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வேலை இப்படி நடந்தது. முதலில் தம்பி வரிசைகளுக்கிடையே கிடந்த மரத்தூள் எருவை வாரி வெளியேற்றினான், முடிந்தவரை வந்தது. தச்சர் சுவரேறிக் குதித்து வந்து, "என் தூள் செஞ்ச பாவம், நானே அள்றேன்" என்று அவனோடு சேர்ந்துகொண்டார். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மூட்டையார் களைக்கொத்தால் ஆழமில்லாத கோடு இழுத்தார். கோட்டில் தங்கை எருவை நிரப்பிக்கொண்டே போனாள். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது, மழை விழுந்த மண் வாசனை. மூத்தவர் ஒரு டீஸ்பூனும் கிண்ணமுமாக அவள் பின்னால் போனார். ஒரு மீட்டருக்கு ஒரு ஸ்பூன். கருப்பு எருவின்மேல் வெள்ளை உரம் பளிச்சென்று தெரிந்தது. மனைவி பின்னால் மண்ணை இழுத்து மூடி நீர் விட்டார்.

நாலாவது வரிசையில் மூத்தவரின் ஸ்பூனில் உரம் சற்றுக் குவிந்தது. தங்கை திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அண்ணே, தலை தட்டி."

"தட்டித்தான் போடறேன்."

"சத்தம் கேக்கலையே."

அவர் ஸ்பூனின் தலையை விரலால் தட்டினார், அவளுக்குக் கேட்கும்படி. சின்ன வயதில் அப்பா விதை அளந்து கொடுக்கும்போது இவள்தான் இப்படி அதட்டுவாள், அண்ணனுக்கு ஒரு விதை கூடப் போய்விடக் கூடாதென்று. அது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்பூனுக்கும் தட்டினார். இருபத்திரண்டாவது வரிசையின் கடைசிச் செடிவரை தட்டினார். உச்சிவெயிலுக்கு முன் வேலை முடிந்தது.

ஒன்பதாம் நாள் கொழுந்தில் பச்சை ஏறியது. முதலில் நம்பாமல் மூத்தவர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். பதினைந்தாம் நாள் மனைவி ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சைக் கிள்ளி, அவர் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே ஈறு நிறத்தில் சிவந்திருந்தது. மூத்தவர் அதைக் கையில் மூடிக்கொண்டு வெகுதூரம் நடந்து உரக்கடைக்குப் போனார். போய்ச் சேர்வதற்குள் அது உலர்ந்து கறுத்துவிட்டது. "சிவப்பாத்தான் இருந்துச்சு" என்றார். "தெரியும்ணே" என்றாள் தங்கை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.

விவசாயிகள் கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னது நாலே வாக்கியம். இந்த வருடம் எருவோடு மூட்டை உரமும் போட்டேன். முன்பு போட்டதில்லை, அது உண்மை. மரத்தூளை மக்க வைக்காமல் போட்டது என் தப்பு. செடியைப் பிழைக்க வைத்தது என் தங்கை. சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சபை சிரிக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் எழுந்து, எந்த மரத்தூள், எவ்வளவு நாள் மக்க வைக்கணும் என்று கேட்டார்கள். அவர்களும் அதையே செய்திருந்தார்கள் போலும்.

காய்ந்த நெற்றை உடைத்தபோது விதை நாற்பத்தோரு கிலோ தேறியது. ஒவ்வொன்றிலும் கண்ணருகே சிவப்புப் பொட்டு. மூத்தவர் அதைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியைத் தகர டப்பாக்களில் அடைத்துத் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தார். இந்தக் குடும்பத்து விதை அதுவரை மூத்தவர் கூரையைத் தாண்டியதில்லை.

"எனக்கெதுக்குண்ணே இவ்வளவு?"

"உனக்கில்ல. விதைக்கு ரெண்டு வீடு இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உனக்கும்தான்" என்றார். நன்றி என்ற சொல்லை உடன்பிறந்தவளிடம் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. வாரம் தவறாமல் அந்தக் கடையில் போய் உட்கார்கிறார். மாப்பிள்ளை வெளியே போனால் தராசுப் பக்கம் நின்று, வாங்க வருகிறவர்களிடம், "எரு போட்டிருக்கியா? போடாம இதை மட்டும் கொண்டுபோனா நான் தர மாட்டேன்" என்கிறார். வியாபாரம் கெடுகிறது என்று மாப்பிள்ளை முணுமுணுப்பார். ஆனால் நாற்காலியை எடுத்துப் போடுவதும் அவர்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மூத்தவருக்குத் தெரியாமல் தங்கைதான் உரத்தைப் போட்டுவிட்டாள், அவருக்குத் தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். அவருடைய மானத்தைக் காப்பதாக எண்ணிச் சொல்கிறார்கள். அது தவறு. அவருக்குத் தெரியும். அவர்தான் கேட்டு வாங்கினார். இருபத்திரண்டு வரிசைக்கும் அவர் கையாலேயே போட்டார்.